நிலவாகை: ஒரு பேதி இலையின் வரலாறும் அதன் காப்பு விதிகளும்

கீழைத்தேய வாணிகத்தின் வரலாற்றை எழுதியோர் மிளகு, கறுவா, ஏலம், இஞ்சி ஆகியவற்றுக்கு அளித்த இடத்தை மருந்துச் சரக்குகளுக்கு அளித்தாரல்லர். ஆயினும், 1542 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் வழக்கிலிருந்த அரசாங்கத் தீர்வைப் பட்டியலொன்றில் ஓர் இறாத்தல் நிலவாகையின் பெறுமதி 15 சோல் என மதிக்கப்பட்டிருந்தது. மிளகுக்கும் இஞ்சிக்கும் அப்பட்டியல் இட்ட பெறுமதியும் அதுவே. மிளகின் பொருட்டுக் கடற்போர்கள் நிகழ்ந்த ஒரு நூற்றாண்டில், மலச்சிக்கலைத் தீர்க்கும் காய்ந்த இலையொன்று அதற்கு நிகரான விலையைப் பெற்றிருந்தமை சிந்தனைக்குரியது.

இவ்விலையின் வரலாறு இரு இழைகளைக் கொண்டது. ஒன்று, அராபியப் பாலைநிலத்திலிருந்து எகிப்தின் வழியாக ஐரோப்பாவுக்கும், பின்னர் திருநெல்வேலிச் சீமைக்கும் அது பரவிய வாணிக வரலாறு. மற்றையது, அதனைத் தீங்கின்றி உட்கொள்ளும் முறையைப் பல சமூகங்களின் மருத்துவர்கள் படிப்படியாகக் கண்டறிந்த அனுபவ வரலாறு. முதலாவது இழை இரண்டாவதை அறுத்த காலங்களில் மக்கள் துன்புற்றனர். மரபு மருந்து எனும் காரணத்தால் மட்டும் ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது என்பதையும், அதன் காப்பு எங்கே தங்கியிருந்தது என்பதையும் இவ்விலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செடியும் பெயரும்

நிலவாகை, நிலாவரை எனத் தமிழ் மருத்துவர் வழங்கும் இச்செடி ஏறத்தாழ மூன்றடி உயரம் வளரும் சிறு புதர். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. மஞ்சள் நிறப் பூக்களையும் தட்டையான காய்களையும் உடையது. சிற்றிலைகள் சோடி சோடியாக அமைந்து வாகையின் தோற்றத்தை நினைவூட்டுவதால், நிலத்தை ஒட்டி வளரும் வாகை என்ற பொருளில் இப்பெயர் தோன்றியது எனக் கொள்ள இடமுண்டு. அராபியர் இதனைச் 'சனா' என்றனர். ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'சென்னா' அதன் திரிபே. யூனானி மருத்துவர் 'சனாயே மக்கி', அதாவது மக்காவின் சனா, என்பர்.

தாவரவியலாளரிடையேயும் பெயர்க் குழப்பம் நெடுங்காலம் நிலவியது. லின்னேயசு 1753 இல் இதனைக் கசியா இனத்தில் அடக்கினார். பின்னர் எகிப்திய வகையும் அராபிய வகையும் தனித்தனி இனங்களெனக் கருதப்பட்டன. இன்று அவ்விரண்டும் ஓரினமாகவே கொள்ளப்பட்டு, பிலிப் மில்லர் 1768 இல் இட்ட 'சென்னா அலெக்சாந்திரினா' என்ற பெயரால் வழங்குகின்றன.

தமிழகத்தின் தென் மாவட்டங்களில் இதைப் பயிரிடும் உழவர் இதனை 'அவுரி' என்கின்றனர். ஆனால் அவுரி என்பது நெடுங்காலமாக நீலச் சாயம் தரும் வேறொரு செடிக்குரிய பெயர். கூந்தலுக்குப் பூசும் ஓர் இலையும், குடலைக் கழுவும் ஓர் இலையும் ஒரே பெயரால் கடையில் விற்கப்படும்போது, வாங்குபவர் மயங்குதல் எளிது. மரபு மருத்துவத்திற் பெயரறிவே முதலாவது காப்பு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அராபிய மருத்துவர் தந்த கொடை

பண்டைக் கிரேக்க மருத்துவர் இவ்விலையை அறிந்திலர். மூலிகைகளைத் தொகுத்துரைத்த தியொஸ்கொரிதீசின் நூலில் இதற்கு இடமில்லை. சரகர், சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழிச் சங்கிதைகளும் இதனைக் கூறவில்லை. இதனை மருத்துவத்திற் புகுத்திய பெருமை அராபியருக்கே உரியது.

திர்மிதி, இப்னு மாஜா ஆகியோரின் ஹதீஸ் தொகுப்புகளில் இது பற்றிய செய்தி காணப்படுகின்றது. மலத்தை இளக்குவதற்கு எதைப் பயன்படுத்துகின்றீர் என நபிகள் நாயகம் அஸ்மா பின்த் உமைஸ் என்னும் பெண்மணியிடம் வினவினார். அவர் 'சுப்றும்' என்றார். அது கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்ததெனக் கருதப்படும் கடுமையான பேதி மருந்து. அது மிகுந்த வெம்மையுடையது என நபிகள் கூறவே, அப்பெண்மணி பின்னர் சனாவைப் பயன்படுத்தினார் என்பது அச்செய்தி. சமய நம்பிக்கைக்கு அப்பால், மருத்துவ வரலாற்று நோக்கிலும் இது முக்கியமானது. குடலைப் புண்படுத்தும் கடும்பேதியிலிருந்து மிதமான பேதிக்கு ஒரு சமூகம் மாறிய நிலையை இது காட்டுகின்றது.

ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் இவ்வறிவு நூல்வடிவம் பெற்றது. ஐரோப்பியர் செராப்பியோன் என அழைத்த இப்னு சராபியூன் இதனை விவரித்தார். எகிப்தில் வாழ்ந்த யூத மருத்துவரான இசுஹாக் அல்-இஸ்ராயீலி, மக்காவிலிருந்து வருவதே சிறந்ததென்றார். அக்காலத்து மருத்துவர் இலையினும் காயையே பெரிதும் விரும்பினர். காய் இலையைவிட மென்மையாகத் தொழிற்படும். வயிற்று முறுக்கும் குறைவு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாலஸ்தீனத்தின் ஏக்கர் துறைமுகத்திலே தீர்வை விதிக்கப்பட்ட பண்டங்களுள் சனாவும் ஒன்று. பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதன் நெருங்கிய உறவினமொன்று இத்தாலியிற் பயிரிடப்படும் அளவுக்கு ஐரோப்பாவில் வேட்கை பெருகியிருந்தது.

தமிழ் மருத்துவ மரபில் நிலவாகை

தமிழ் மருத்துவருக்குப் பேதி மருந்துகள் புதியனவல்ல. கடுக்காய், சரக்கொன்றைப் புளி, சிவதை, நேர்வாளம் எனப் பல அவர்கள் கையில் இருந்தன. இவற்றுள் நேர்வாளம் மிகக் கொடியது. முறைப்படி சுத்தி செய்யாமல் வழங்கினால் உயிருக்கே இறுதியாகும். கடுக்காயும் கொன்றைப் புளியும் மென்மையானவை. இவ்விரு எல்லைகளுக்கும் இடையில், உறுதியாகத் தொழிற்படுவதும் கொடுமையற்றதுமான ஒரு சரக்குக்கு இடமிருந்தது. அராபிய, யூனானித் தொடர்பால் வந்துசேர்ந்த நிலவாகை அவ்விடத்தை நிரப்பிற்று.

வந்த இலையைத் தமிழ் மருத்துவர் தனியே விட்டாரல்லர். நிலவாகைச் சூரணம் எனும் மருந்தில் இவ்விலையுடன் சுக்கு, ஓமம், வாய்விடங்கம் முதலியனவும் சேர்க்கப்படுகின்றன. சுக்கும் ஓமமும் வாயுவை நீக்கி வயிற்று முறுக்கைத் தணிப்பவை. ஒரு சரக்கின் குற்றத்தை மற்றொரு சரக்கு திருத்தும் என்ற கொள்கை இங்கே செயல்வடிவம் பெறுகின்றது.

மேலும், பேதிக்குக் கொள்ளுதல் நாளாந்தச் செயலாக இருக்கவில்லை. நோயணுகாது வாழும் நெறியைக் கூறும் தேரையர், நான்கு திங்களுக்கு ஒருமுறையே பேதி மருந்து கொள்ளுமாறு விதித்தார். யாழ்ப்பாணத்து இல்லங்களிலும் பேதி குடிக்கும் நாள் தனியாகக் குறிக்கப்பட்ட ஒரு நாளே. அன்று வேலைக்குச் செல்வதில்லை, கஞ்சியே உணவு, கழிச்சல் மிகுந்தால் மோர் கொடுத்து நிறுத்துவர். கருவுற்றோர், மெலிந்தோர், முதியோர், காய்ச்சலுற்றோர் ஆகியோருக்கு மருத்துவர் பேதி கொடுக்கத் தயங்கினர். மருந்து, அனுபானம், பத்தியம் என்ற மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. அவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து மருந்தென அழைக்கும் வழக்கம் அன்று இருக்கவில்லை.

ஐரோப்பிய மருத்துவரும் ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தனர் என்பது வியப்புக்குரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரித்தானிய மருந்து நூலிற் கூறப்பட்ட நிலவாகை ஊறல்நீரில் ஓர் அவுன்சு இலைக்கு 28 கிறேன் இஞ்சி சேர்க்கப்பட்டது. அத்திப்பழம், புளி, கொத்தமல்லி, அதிமதுரம் முதலியவற்றுடன் கூட்டிய நிலவாகை இலேகியமும் அந்நூலில் இடம்பெற்றது. தமிழ் மருத்துவரின் சுக்கும் இலண்டன் மருந்தாளரின் இஞ்சியும் ஒரே பொருளே. ஒரே இலையின் ஒரே குறையை எதிர்கொண்டோர் ஒரே பரிகாரத்தைக் கண்டனர்.

அலெக்சாந்திரியா: குத்தகையும் கலப்படமும்

இனி வாணிகத்தின் பக்கத்தை நோக்குவோம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குச் சென்ற இலையின் பெரும்பகுதி நூபியா, சென்னார், கொர்தொபான் ஆகிய பகுதிகளிற் காட்டுச் செடிகளிலிருந்து பறிக்கப்பட்டது. ஒட்டகங்களிலும் நைல் நதிப் படகுகளிலும் ஏற்றப்பட்டு அசுவான் வழியாகக் கெய்ரோவின் துறையான பூலாக்குக்கு வந்து, அங்கிருந்து அலெக்சாந்திரியாவை அடைந்தது. இவ்வாணிகம் அரசின் தனியுரிமையாக இருந்து குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகையைக் குறிக்கும் 'அப்பால்தோ' என்ற இத்தாலியச் சொல்லை ஒட்டி, அங்கிருந்து வந்த இலை ஐரோப்பியச் சந்தையில் 'பால்தே சென்னா' எனப் பெயர்பெற்றது.

நெப்போலியனின் எகிப்தியப் படையெடுப்போடு (1798 - 1801) சென்ற மருந்தாளரான ரூயே, பூலாக்கின் பண்டசாலைகளில் நடந்ததைப் பதிவுசெய்துள்ளார். அவர் கூற்றுப்படி, பத்துப் பங்கு சரக்கில் ஐந்து பங்கு கூரிய இலை கொண்ட நல்ல சனாவும், மூன்று பங்கு மழுங்கிய இலை கொண்ட தாழ்ந்த வகையும், இரண்டு பங்கு 'ஆர்கெல்' எனும் வேறொரு குடும்பத்துச் செடியின் இலையும் கலக்கப்பட்டன. இது களவாக நிகழ்ந்ததன்று. குத்தகைக்காரரின் ஒழுங்கான தொழில் முறையாகும். நிலவாகை உண்டோருக்கு ஏற்பட்ட கடும் வயிற்று முறுக்குக்கு ஆர்கெல் இலையே காரணமென அக்கால ஐரோப்பிய மருத்துவர் பலர் கருதினர்.

இதனினும் கொடியது ஐரோப்பாவிலேயே நிகழ்ந்தது. பிரான்சின் தென்பகுதியில் வளரும் கொரியாரியா என்னும் செடியின் இலை தோல் பதனிடப் பயன்படுவது. அது நச்சுத்தன்மை வாய்ந்தது; வலிப்பையும் மரணத்தையும் விளைவிக்கவல்லது. உடைந்த நிலையில் நிலவாகையை ஒத்திருந்தமையால் அதனைச் சிலர் கலந்து விற்றனர். எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் மருந்துச் சரக்கு நூல்கள் இலையை இனங்காணும் முறையை விரிவாகக் கற்பித்தன. நிலவாகைச் சிற்றிலையின் அடிப்பகுதி இருபுறமும் சமமற்றது. நடுநரம்பிலிருந்து கிளைநரம்புகள் பிரியும். கொரியாரியாவின் அடிப்பகுதி சமமானது. அடியிலிருந்தே மூன்று நரம்புகள் எழும். உயிரைக் காக்க வாங்கிய பொருள் உயிரைப் பறிக்காதிருக்க, ஓர் இலையின் நரம்பை எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது.

திருநெல்வேலி

கருநாடக நவாப்பின் ஆட்சிப்பகுதி 1801 இல் ஆங்கிலக் கும்பினியின் நேரடி ஆட்சிக்குட்பட்டது. அதன்பின் திருநெல்வேலிச் சீமையில் ஏற்றுமதிப் பயிர்களைப் புகுத்தும் முயற்சிகள் பெருகின. அங்கு குடியிருந்த ஜோர்ஜ் ஹியூஸ் என்பவர் பூர்பன் பருத்தியைப் பயிரிட்டுப் பெயர்பெற்றவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவரே நிலவாகையையும் அங்கு திட்டமிட்டுப் பயிர்செய்தார். அதுவரை 'இந்தியச் சென்னா' என இலண்டனில் விற்கப்பட்டது உண்மையில் அராபியாவிற் பறிக்கப்பட்டு, மொக்கா, ஏடன் துறைகளிலிருந்து பம்பாய்க்கு வந்து மறு ஏற்றுமதியான சரக்கு. பெயரில் இருந்த இந்தியா இப்பொழுதுதான் நிலத்திலும் வந்தது.

வறண்ட நிலமும் அளவான வடகீழ்ப் பருவமழையும் இப்பயிருக்கு ஏற்றவை. நீர் தேங்கினால் செடி அழியும். விதைத்து இரண்டு, மூன்று மாதங்களில் முதற் பறிப்பு. பின்னர் இடைவெளிவிட்டு மேலும் சில பறிப்புகள். பறித்த இலையை நிழலில் மெல்லிதாகப் பரப்பி ஏழு முதல் பத்து நாட்கள் உலர்த்துவர். மஞ்சள் கலந்த பசுமை நிறம் மாறாதிருத்தல் வேண்டும். ஈரம் பட்டுக் கறுத்த இலைக்கு விலையில்லை. உலர்ந்த இலை பொதிகளாக இறுக்கப்பட்டுத் தூத்துக்குடித் துறையிலிருந்து கப்பலேறியது.

திருநெல்வேலி இலை முழுமையாகவும் நீளமாகவும் இருந்தது. உடைந்து தூசும் காம்பும் கலந்து வந்த அலெக்சாந்திரிய இலையோடு ஒப்பிடும்போது, இதில் அந்நியப் பொருளைக் கண்டுபிடித்தல் எளிதாயிற்று. பயிரிடப்பட்ட சரக்கு என்பதால் கலப்பும் குறைந்தது. பிரித்தானிய மருந்து நூல் அலெக்சாந்திரிய வகையையும் இந்திய வகையையும் தனித்தனியே ஏற்றுக்கொண்டது. எட்வேட் வாரிங் 1868 இற் பதிப்பித்த இந்திய மருந்து நூலும் திருநெல்வேலி இலையைப் போற்றிற்று. அச்சீமையின் பெயர் உலகெங்குமுள்ள மருந்துக் கடைகளின் சாடிகளில் எழுதப்பட்டது. ஆயினும், விலையை நிருணயித்தோர் மானாவாரி நிலத்தில் இலை பறித்தோரல்லர். தொலைநாட்டுச் சந்தைகளின் ஏற்றத்தாழ்வே அவர்களின் அடுப்பெரிவதைத் தீர்மானித்தது.

திருநெல்வேலி இலையும் கலப்படத்துக்குத் தப்பவில்லை. அதன் உறவினமான ஆவாரையின் இலை அதனோடு கலக்கப்பட்டது. ஆவாரை நச்சுடையதன்று, ஆனால் பேதித் தன்மையும் அதற்கில்லை. நூற்றுக்கு 80 வீதச் சல்பூரிக்கமிலம் பட்டவுடன் ஆவாரை செந்நிறம் காட்டும் என்பது மருந்தாளர் கண்ட சோதனை. அவர்கள் இக்கலப்புப் பொருளுக்கு இட்ட பெயர் 'பால்தே சென்னா' என்பதே. நைல் நதிக்கரையில் அரசகுத்தகையைக் குறித்த சொல், காலப்போக்கிற் கலப்படத்தின் பெயராகிவிட்டது.

இரசாயனவியல் உறுதிப்படுத்தியவை

இவ்விலையின் பேதித் தன்மைக்குரிய சேர்வைகளை 1941 இல் சுவிற்சர்லாந்து இரசாயனவியலாளரான ஆர்தர் ஸ்டோலும் அவர்தம் உடனாய்வாளரும் தூய நிலையிற் பிரித்தெடுத்தனர். சென்னோசைட்டு என அழைக்கப்படும் இவை இரைப்பையிலும் சிறுகுடலிலும் பெரும்பாலும் மாற்றமின்றிக் கடந்து செல்கின்றன. பெருங்குடலில் வாழும் பற்றீரியாக்களே இவற்றைச் சிதைத்துச் செயற்படும் பொருளாக மாற்றுகின்றன. அது பெருங்குடலின் அசைவைத் தூண்டுவதோடு, நீரும் உப்பும் மீள உறிஞ்சப்படுவதையும் தடுக்கின்றது. இம்மாற்றம் நிகழ ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலங்கள் செல்லும்.

இக்கண்டுபிடிப்பு மரபின் பல விதிகளுக்கு விளக்கம் தந்தது. இரவிற் படுக்கைக்குமுன் உட்கொண்டு காலையிற் பயன்பெறும் வழக்கத்துக்கு இக்கால இடைவெளியே காரணம். இதனை அறியாதவர் இரண்டு மணித்தியாலத்தில் பயன் காணாது மீண்டும் ஒரு வேளை அருந்துவர். அதன் விளைவு மிகைக் கழிச்சலே. இலையைக் குளிர்நீரில் ஊறவைத்து வடித்தால் பிசின் போன்ற பொருள்கள் குறைவாக இறங்கி முறுக்குக் குறையும் என்பது பழைய மருந்தாளர் கண்ட உண்மை. கஞ்சியும் மோரும் இழந்த நீரையும் உப்பையும் ஓரளவு ஈடுசெய்வன.

எதிர்மறை விதிகளும் இவ்வாறே விளக்கம் பெற்றன. தொடர்ந்து உட்கொள்வோரின் உடலிற் பொற்றாசியம் குறைகின்றது. அதனால் தசை தளரும்; இதயத்தின் ஒழுங்கு குலையும்; இதயநோய்க்கு டிஜொக்சின் போன்ற மருந்து உட்கொள்வோருக்கு ஆபத்து மிகும். நெடுநாட் பயன்பாட்டிற் பெருங்குடலின் உட்சுவர் கருநிறமடைதலும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1999 இல் வெளியிட்ட மூலிகைத் தொகுதியின் முதற் பகுதியில் நிலவாகை இலையும் இடம்பெற்றது. எப்போதாவது ஏற்படும் மலச்சிக்கலுக்குக் குறுகிய காலத்துக்கு மட்டுமே அது ஏற்றது. காரணம் அறியப்படாத வயிற்றுவலி, குடலடைப்பு, குடல்வால் அழற்சி, குடலழற்சி நோய்கள் ஆகியவற்றில் கொடுத்தலாகாது. பத்து வயதுக்குட்பட்ட சிறுவருக்கு ஆகாது. கருவுற்றோரும் பாலூட்டுவோரும் மருத்துவரின் மேற்பார்வையிலன்றி உட்கொள்ளலாகாது என்பன அதன் சாரம். வயிற்றுவலி என்றவுடன் பேதி கொடுத்தல் சில வேளைகளில் வெடிக்கும் நிலையிலுள்ள குடல்வாலை வெடிக்கச் செய்யும். மரபு தன் அனுபவத்தால் முழுமையாக அறிந்திராத இவ்வாபத்தை நவீன மருத்துவமே தெளிவாகக் காட்டியது. மரபைப் போற்றுவோர் இதனையும் ஏற்றல் வேண்டும்.

விதியிழந்த இலை

இன்று இராசத்தானிலும் குசராத்திலும் இது விரிவாகப் பயிரிடப்படுகின்றது. இந்தியாவே இதன் ஏற்றுமதியில் முன்னணியில் நிற்கின்றது. மருத்துவமனைகளில் அளவறிந்த மாத்திரையாக வழங்கப்படும் சென்னாவால் நோயாளர் பலர் நலம்பெறுகின்றனர். ஆனால் அதே இலை, உடலை மெலியச் செய்யும் தேநீர் என்ற பெயரிலும் உலகச் சந்தையில் விற்கப்படுகின்றது. பொதியின் முகப்பில் மெல்லிய உருவமும் 'இயற்கையானது' என்ற சொல்லும் இருக்கும். சென்னா என்ற பெயர் பின்புறத்திற் சிறிய எழுத்தில் இருக்கும்.

இவ்வாக்குறுதி பொய்யானது என்பதை மேற்கூறிய இரசாயன விளக்கமே உணர்த்தும். உணவின் சத்து உறிஞ்சப்படுவது சிறுகுடலில். இவ்விலை தொழிற்படுவது பெருங்குடலில். ஆகவே குறையும் நிறை கொழுப்பினதன்று, நீரினது. அதனை நாள்தோறும் பருகும் இளம்பெண் இழப்பது நீரையும் பொற்றாசியத்தையுமே. நான்கு திங்களுக்கு ஒருமுறை என்ற விதி நாளுக்கு ஒருமுறை என மாற்றப்பட்ட பின்னும், அப்பொதி தன்னை மரபின் பெயராலேயே அறிமுகஞ் செய்துகொள்கின்றது.

பூலாக்கின் குத்தகைக்காரன் இலையோடு அந்நிய இலையைக் கலந்தான். இன்றைய வணிகன் இலையைத் தூய்மையாகவே கொடுத்து, அதனோடு வந்த விதிகளை நீக்கிவிடுகின்றான். முன்னையதைக் கண்டுபிடிக்க இலையின் நரம்பும் அமிலச் சோதனையும் போதுமானவையாக இருந்தன. பின்னையதைக் கண்டுபிடிக்க வரலாற்றறிவு வேண்டும்.

முடிவாக நோக்குமிடத்து, நிலவாகையைத் தீங்கற்ற மருந்தாக்கியது அவ்விலையின் இயல்பு மட்டுமன்று. கடும்பேதியை விடுத்து மிதமானதைத் தேர்ந்த அராபியரின் அறிவு, சுக்கும் ஓமமும் சேர்த்த தமிழ் மருத்துவரின் அனுபவம், போலியை இனங்காணக் கற்ற ஐரோப்பிய மருந்தாளரின் விழிப்பு, அளவையும் காலவரையறையையும் நிறுவிய நவீன ஆய்வு ஆகிய நான்கும் சேர்ந்தே அதனை அவ்வாறு ஆக்கின. எவ்வளவு, எப்போது, எதனோடு, எத்தனை நாள், எவருக்கு ஆகாது என்னும் ஐந்து வினாக்களுக்கும் விடையறிந்து கொடுக்கப்படும்போதே அது மருந்தாகின்றது. மூலிகைகளைப் பற்றிய நம் ஆய்வுகள் அவற்றின் பெயரையும் குணத்தையும் பட்டியலிடுவதோடு நின்றுவிடாது, இவ்வைந்து வினாக்களுக்கும் நம் முன்னோர் அளித்த விடைகளையும், அவ்விடைகளில் இன்றைய அறிவு செய்துள்ள திருத்தங்களையும் சேர்த்தே பதிவுசெய்தல் வேண்டும்.